ஸ்க்ரோல் சா: மெஷினுக்கு முன்னால் பிளேடைப் பாருங்கள்

மரவேலை கேள்வி – பதில்

கேள்வி: பலகையில் பூ, பறவை, எழுத்து என்று சன்னமாக வெட்டுகிற வேலையைப் பார்த்து எனக்கும் ஆசை வந்துவிட்டது ஐயா. வீட்டில் ஏற்கெனவே ஒரு ஜிக்சா கிடக்கிறது. அதுவே போதுமா, ஸ்க்ரோல் சா தனியாக வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: இரண்டுமே மேலும் கீழும் ஆடும் பிளேடால் அறுக்கிற மின்ரம்பங்கள்தான். ஜிக்சாவில் பலகை அப்படியே கிடக்கும், மெஷின் ஊர்ந்து போகும். ஸ்க்ரோல் சாவில் மெஷின் அசையாது. பலகையை நீங்கள் இரண்டு கையாலும் திருப்பித் திருப்பித் தள்ள வேண்டும். ஜிக்சா பிளேடு அரை சென்டிமீட்டருக்கு மேல் அகலமானது, அதுவும் மேல்முனையில் மட்டும்தான் பிடிப்பு. இறுக்கமான வளைவில் திருப்பினால் மேலே ஒரு கோடு, அடியில் வேறொரு கோடு என்று வெட்டி வைக்கும். ஸ்க்ரோல் சாவில் வழக்கமாகப் போடுகிற 5ஆம் எண் பிளேடின் அகலமே ஏறக்குறைய 1 மி.மீ.தான். மேலும் கீழும் இழுத்துக் கட்டியிருப்பதால் வளையாமல் நிற்கும். நின்ற இடத்திலேயே பலகையைச் சுற்றிவிடலாம்.

பேண்ட் சா பற்றியும் சிலர் கேட்கிறார்கள். அதன் பிளேடு ஒரு முழு வளையம். பலகைக்கு நடுவில் மட்டும் ஒரு துண்டை எடுக்க வேண்டுமென்றால் ஓரத்திலிருந்து அறுத்துக்கொண்டுதான் உள்ளே போக முடியும். ஸ்க்ரோல் சா பிளேடைக் கழற்றி ஒரு துளைக்குள் நுழைத்து மறுபடி மாட்டலாம். உள்வேலை முழுக்க இந்த வசதியால்தான் நடக்கிறது.

அதே சமயம், அலமாரி செய்யவோ சட்டம் அறுக்கவோ இதை வாங்கிவிடாதீர்கள். இரண்டு அங்குலக் கனம் வரை வெட்டும் என்று பெட்டியின்மேல் போட்டிருப்பார்கள். வெட்டும்தான், பாதிக்குள் உங்கள் பொறுமை தீர்ந்துவிடும். 20 மி.மீ. வரைதான் இதில் வேலை செய்ய மனசு வரும்.

கேள்வி: மெஷின் வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்? மோட்டார் எத்தனை வாட், தொண்டை எத்தனை அங்குலம் என்று விளம்பரங்களைப் படித்துக் குழம்பிப்போய்விட்டேன்.

பதில்: மோட்டாரை விடுங்கள். ஒரு மில்லிமீட்டர் பிளேடை மேலும் கீழும் ஆட்டப் பெரிய சக்தி வேண்டியதில்லை. நான் முதலில் பார்ப்பது பிளேடைப் பிடிக்கிற கவ்வியை.

பிளேடுகள் இரண்டு ஜாதி. ஒன்றில் இரு முனையிலும் குறுக்கே ஒரு சின்ன ஊசி இருக்கும், அதைக் கொக்கியில் மாட்டினால் போதும். மற்றது வெறும் முனை, கவ்வியில் வைத்துத் திருகி இறுக்க வேண்டும். ஊசி பிளேடு மாட்டுவது சுலபம் என்று புதியவர்களுக்கு அதைத்தான் தலையில் கட்டுவார்கள். ஆனால் அந்த ஊசி நுழையக் கிட்டத்தட்ட 5 மி.மீ. துளை வேண்டும். பறவையின் கண்ணே அவ்வளவு பெரிதாக இராது. வெறும் முனை பிளேடுக்கு 1.5 மி.மீ. துளை போதும், சன்னமான பிளேடுக்கு அதைவிடச் சிறியது போதும். சன்ன ரகங்களும் விதவிதமான பல்வரிசைகளும் இந்த ஜாதியில்தான் கிடைக்கும். ஆகவே ஊசி பிளேடு மட்டுமே ஏற்கும் மெஷின் என்றால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். இரண்டையும் ஏற்பது என்றால் சரி. அதிலும் கவ்வியை விரலாலேயே இறுக்க முடிகிறதா, ஒவ்வொரு தடவையும் ஆலன் கீ தேட வேண்டியிருக்கிறதா என்று மாட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஐம்பது துளை உள்ள வடிவம் என்றால் ஐம்பது தடவை கழற்றி மாட்ட வேண்டும்.

அடுத்தது வேகம். கூட்டிக் குறைக்கும் வசதி கட்டாயம் இருக்கட்டும். பிளேடு நிமிடத்துக்கு 400 தடவை மேலும் கீழும் போய்வருவதில் தொடங்கி 1,600 தடவைக்கு மேல் போகிற மெஷின்கள் உண்டு. டிவால்ட் 788 மாடல் 400 முதல் 1,750 வரை. கற்றுக்கொள்கிறவர் பாதி வேகத்தில் தொடங்குவது நல்லது.

மூன்றாவது அதிர்வு. ஓடுகிற மெஷினின் மேஜையில் ஒரு நாணயத்தை விளிம்பில் நிறுத்திப் பாருங்கள் என்பார்கள். கொஞ்ச நேரம் நின்றால் நல்ல மெஷின். விழுந்தால் உடனே ஒதுக்கிவிட வேண்டியதில்லை, கனமான பலகையில் போல்ட் போட்டு முடுக்கினால் பாதி அதிர்வு அடங்கிவிடும்.

தொண்டை என்பது பிளேடிலிருந்து பின்தூண் வரை உள்ள தூரம். 16 அங்குலம் ஆரம்பத்துக்குத் தாராளம். 20, 21 அங்குலம் எல்லாம் பெரிய பெயர்ப்பலகை வெட்டுகிறவர்களுக்கு. மேஜை சாய்கிறதா என்பதைக் கடைசியில் பாருங்கள். எக்ஸ்காலிபர் போன்ற சில மெஷின்களில் மேஜை மட்டமாகவே இருக்கும், தலைப்பகுதிதான் சாயும். சாய்வெட்டு நிறைய வெட்டுகிறவர்களுக்கு அது பெரிய சுகம், ஏனென்றால் பலகை சரிந்து ஓடாது. முதல் வருடத்தில் உங்களுக்கு அது தேவைப்படாது.

மிச்சப்படும் பணத்தில் ஒரு கால் சுவிட்சும் நல்ல விளக்கும் வாங்குங்கள். காலால் நிறுத்த முடிந்தால் இரண்டு கையும் பலகைமேல் இருக்கும். என் மெஷினின் பின்கால்களுக்கு அடியில் இரண்டு கட்டைகளைக் கொடுத்து முன்பக்கம் சாய்த்து வைத்திருக்கிறேன். கழுத்தைக் குனியாமலே கோடு தெரிகிறது.

கேள்வி: கடையில் பிளேடு கேட்டால் எண் என்ன, பல் என்ன என்று திருப்பிக் கேட்கிறார்கள். எனக்கு எது வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை.

பதில்: இந்தக் கேள்விதான் முதலில் வந்திருக்க வேண்டும். சுமாரான மெஷினில் நல்ல பிளேடு போட்டால் நல்ல வேலை வரும். உயர்ந்த மெஷினில் மட்டமான பிளேடு போட்டால் மட்டமான வேலைதான் வரும்.

நீளம் ஒரே அளவு, சுமார் 5 அங்குலம். எண் ஏற ஏற அகலமும் கனமும் கூடும். 1, 2, 3, 5, 7, 9, 12 என்று போகும். 1க்கும் கீழே 0, 2/0, 3/0 என்று இருக்கிறது. அங்கே மட்டும் தலைகீழ்க் கணக்கு, 2/0வைவிட 3/0 சன்னம். முதல் தடவைக்கு 3, 5, 9 மூன்றிலும் ஒவ்வொரு டஜன் வாங்குங்கள். 3 மி.மீ. பிளைவுட்டுக்கு 3ஆம் எண். 6 முதல் 18 மி.மீ. வரை 5. அதற்கு மேலும் கெட்டி மரத்துக்கும் 9. சன்ன பிளேடு நன்றாக வளையும் என்று தடித்த பலகையில் 1ஆம் எண்ணைப் போட்டால், வளைவில் வயிறு தள்ளி அடிப்பக்கம் கோணலாகிவிடும். எந்தக் கனமானாலும் பலகைக்குள் எப்போதும் குறைந்தது மூன்று பல்லாவது இருக்க வேண்டும் என்பது பொதுக்கணக்கு.

பல்வரிசையில், ஒரு பல் விட்டு ஒரு பல் இருக்கிற ஸ்கிப் டூத், தூளை வெளியே தள்ளும், சூடு குறைவு. ஆரம்பத்துக்கு அதிலேயே ரிவர்ஸ் டூத் கேளுங்கள். அடிமுனையில் கொஞ்சம் பற்கள் மட்டும் மேல்நோக்கி இருக்கும். கீழே இறங்கும்போது பிளேடு பலகையின் அடியைப் பிய்த்துச் சிம்பு கிளப்புமல்லவா, மேலே ஏறும்போது இந்தத் தலைகீழ்ப் பற்கள் அந்தச் சிம்பைச் சீவிவிடும். பிளேடு உச்சிக்குப் போகும்போது இரண்டு மூன்று தலைகீழ்ப் பற்கள் மேஜைக்கு மேலே எட்டிப் பார்க்கிற மாதிரி மாட்ட வேண்டும். சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தாலே தெரியும். அவை மேஜைக்கு அடியிலேயே நின்றுவிட்டால் கூடுதல் காசு கொடுத்ததற்குப் பலன் இல்லை.

ஸ்பைரல் பிளேடு முறுக்கியது, எல்லாப் பக்கமும் பல். பலகையைத் திருப்பாமலே வெட்டலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வெட்டு அகலம், ஓரம் சொரசொரப்பு, நேர்கோட்டில் நிற்கவே நிற்காது. தொண்டைக்குள் சுழலாத பெரிய படம் வெட்டும் நாள் வரும்போது வாங்கிக்கொள்ளலாம்.

எந்தப் பக்கம் மேல் என்று சன்ன பிளேடில் கண்ணுக்குத் தெரியாது. பிளேடைத் தொங்கவிட்டு விரலை மெல்ல மேலிருந்து கீழே இழுங்கள், பிறகு கீழிருந்து மேலே. கீழே இழுக்கும்போது வழுக்கி, மேலே வரும்போது தோலைப் பற்றினால் சரியான நிலை: பற்கள் கீழ்நோக்கி இருக்கின்றன. மாட்டும்போது பற்கள் உங்களைப் பார்த்து இருக்கட்டும். தலைகீழாக மாட்டியிருந்தால் மெஷினே சொல்லிவிடும், பலகையைத் தூக்கித் தூக்கி மேஜையில் படபடவென்று அடிக்கும்.

கேள்வி: கோட்டிலேயே போக முடியவில்லை. நேராகத் தள்ளினாலும் வெட்டு ஒரு பக்கமாக விலகுகிறது. மெஷினை மாற்றித் தரச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம், அது மெஷின் கோளாறு இல்லை. பிளேடைத் தயாரிக்கும்போது பற்களின் ஒரு பக்கத்தில் மட்டும் நுண்ணிய பிசிறு நின்றுவிடும். அந்தப் பக்கம் கூர்மை அதிகம், அதனால் வெட்டு அந்தப் பக்கம் இழுக்கும். கல்லில் தீட்டித் தயாரிக்கிற உயர்ரகப் பிளேடுகளில் இது குறைவு, அறவே இல்லை என்று சொல்ல முடியாது.

ஒரு கழிவுத் துண்டில் அடிமட்டம் வைத்து நீளமாக ஒரு கோடு போடுங்கள். பாதி வேகத்தில், கோட்டை விட்டு நகராமல் வெட்டிக்கொண்டு போங்கள். உங்கள் கை தானாகவே பலகையைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக்கொள்ளும். பாதி தூரத்தில் மெஷினை நிறுத்திவிட்டு, பலகை மேஜையில் எந்தச் சாய்வில் நிற்கிறது என்று பாருங்கள். சில டிகிரிதான் இருக்கும். அந்தப் பிளேடுக்கு அதுதான் ‘நேர்’. அடுத்த கோட்டை அந்தச் சாய்விலேயே தொடங்குங்கள். உங்கள் மார்புக்கு நேராகத் தள்ளியே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்தால் பிளேடு பக்கவாட்டில் வளைந்து, கடைசியில் ஒடியும்.

வெட்டிய ஓரம் செங்குத்தாக இல்லை என்றால் அது வேறு சங்கதி. மேஜைக்கு அடியில் ஒட்டியிருக்கும் டிகிரி அளவுகோலை நம்பாதீர்கள். ஒரு தடித்த கட்டையின் முகத்தில் பிளேடு பதிகிற அளவுக்கு ஒரு சின்னக் கீறல் வெட்டுங்கள். மெஷினை நிறுத்திவிட்டு, கட்டையை அப்படியே பிளேடுக்குப் பின்னால் கொண்டுபோய் அதே கீறலைப் பிளேடின் முதுகில் பொருத்துங்கள். சுலபமாக உட்கார்ந்தால் மேஜை சரி. மேலேயோ கீழேயோ முட்டினால் அதற்கேற்ப மேஜையை நகர்த்துங்கள். மூலைமட்டம் இல்லாமலே முடிகிற வேலை.

கேள்வி: பிளேடு அடிக்கடி ஒடிகிறது.

பதில்: தளர்வாகக் கட்டுகிறீர்கள், அல்லது மழுங்கிய பிறகும் விடாமல் அதிலேயே தள்ளுகிறீர்கள். இறுக்கிய பிளேடை விரலால் சுண்டினால் தந்தி வாத்தியம் மாதிரி ‘டிங்’ என்று கேட்க வேண்டும், ‘டொக்’ என்று கேட்டால் போதாது. பக்கவாட்டில் அழுத்தினால் 3 மி.மீ.க்கு மேல் நகரக் கூடாது. கெட்டி மரத்தில் அரைமணி நேரம் உழைத்த பிளேடைத் தூக்கிப் போடத் தயங்காதீர்கள். அதைச் சேமித்து என்ன செய்யப்போகிறீர்கள்? பலகையை இதுவரை தள்ளாத அளவுக்குத் தள்ளுகிறேன் என்று தோன்றுகிற நிமிஷமே அது முடிந்துவிட்டது.

கேள்வி: செர்ரி மரத்தில் வெட்டினேன். ஓரமெல்லாம் கருகிவிட்டது. உப்புத்தாள் போட்டும் போகவில்லை.

பதில்: செர்ரி, மேப்பிள் இரண்டும் அப்படித்தான், சீக்கிரம் கருகும். வேகத்தைக் குறையுங்கள், ஒரு எண் பெரிய பிளேடு போடுங்கள். அதோடு, பலகையில் படத்தை ஒட்டிய பிறகு அதன்மேல் பார்சல் ஒட்டுகிற தெளிவான டேப்பை ஒட்டிவிட்டு வெட்டிப் பாருங்கள். பிளேடுக்கு அது வழுக்கல் கொடுக்கும், கருகல் வெகுவாகக் குறையும். படம் ஒட்டவும் ஒரு முறை சொல்கிறேன்: முதலில் பலகையில் மாஸ்கிங் டேப், அதன்மேல் பசை தடவிய காகிதம், அதற்கும் மேல் தெளிவான டேப். வேலை முடிந்ததும் மூன்றும் ஒரே உரியாக வந்துவிடும். மரத்தில் நேரடியாகப் பசை தடவியிருந்தால் கொஞ்சம் டர்பன்டைன் தொட்டு ஊறவிடுங்கள்.

கேள்வி: உள்வெட்டு எப்படி ஆரம்பிப்பது? எதை முதலில் வெட்டுவது?

பதில்: உள்ளே இருப்பதெல்லாம் முடிந்த பிறகுதான் வெளிக்கோடு. வெளியே வெட்டிவிட்டால் பிடிக்க இடம் இருக்காது. உள்ளேயும் சின்னதும் நுணுக்கமானதும் முதலில், பெரிய திறப்புகள் கடைசியில்.

துளை போடும்போது பலகைக்கு அடியில் ஒரு கழிவுப் பலகை வையுங்கள், அடியில் சிம்பு கிளம்பாது. கோட்டின்மேல் போடாதீர்கள், கழிவுப் பக்கத்தில் ஒரு மூலைக்கு அருகே போடுங்கள். எல்லாத் துளைகளையும் ஒரே உட்காரலில் போட்டுவிட்டு, அடிப்பக்கத்தை உப்புத்தாளால் ஒரு இழுப்பு இழுங்கள். துளையைச் சுற்றி நிற்கும் பிசிறு மேஜையில் பலகையைத் தடுக்கும். பிறகு இறுக்கத்தைத் தளர்த்தி, பிளேடின் மேல்முனையை மட்டும் கழற்றுங்கள், கீழ்முனை கவ்வியிலேயே இருக்கட்டும். பலகையைத் தூக்கி, துளையைப் பிளேடின் தலைக்கு மேலே கொண்டுவந்து அப்படியே இறக்குங்கள். முதலில் தடவிக்கொண்டுதான் இருப்பீர்கள், பிறகு கைக்கு வழி தெரிந்துவிடும். சில மெஷின்களில் மேல் கை தானாகத் தூக்கிக்கொண்டு நிற்கும், அப்போது இன்னும் சுலபம். மேலே மாட்டி, இறுக்கி, சுண்டிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

கூர்மூலை வந்ததும் தள்ளுவதை நிறுத்துங்கள், மெஷினை நிறுத்த வேண்டாம். பலகையைத் துளியூண்டு உங்கள் பக்கம் இழுத்து, பிளேடின் முதுகு மரத்தைத் தொட்டுக்கொண்டிருக்க, அதே இடத்தில் சட்டென்று சுழற்றுங்கள். மெதுவாகச் சுழற்றினால்தான் மூலை உருண்டுபோகும். இந்த ஒரு வித்தைக்கு மட்டும் தனியாக ஒரு பலகை நிறைய பல்வரிசை மாதிரி வெட்டிப் பழகுங்கள்.

கேள்வி: மெஷின் வாங்க வசதியில்லை, வீட்டில் இடமும் இல்லை. அதுவரை சும்மா இருக்க வேண்டியதுதானா?

பதில்: ஏன்? கையால் இயக்கும் ஃப்ரெட் சா இருக்கிறதே. ‘ப’ வடிவச் சட்டம், கைப்பிடி, அவ்வளவுதான். அதில் மாட்டுவதும் இதே 5 அங்குல வெறும் முனை பிளேடுதான். ஒரு பலகைத் துண்டில் ‘வி’ வடிவில் ஒரு வாய் வெட்டி, அந்த வாய் மேஜை விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க கிளாம்ப் போட்டு முடுக்குங்கள். வெட்ட வேண்டிய பலகையை அதன்மேல் வைத்து, பிளேடை வாய்க்குள் செங்குத்தாக இயக்குங்கள். பற்கள் கைப்பிடியைப் பார்த்து, இழுக்கும்போது வெட்டுகிற மாதிரி. 3 மி.மீ. பிளைவுட்டில் மெஷின் செய்கிற எல்லாமே இதிலும் வரும், நேரம்தான் கூடும். பிளேடு செங்குத்தாக நிற்கிறதா என்று கை கற்றுக்கொள்வது இதில்தான். மெஷின் வைத்திருப்பவர்களுக்கும் இதைத்தான் சிபாரிசு செய்கிறேன், யாரும் கேட்பதில்லை.

கேள்வி: முதல் வேலைக்கு எந்தப் பலகை? எம்டிஎஃப் (மரநாரைப் பிசினோடு அழுத்திச் செய்த பலகை) மலிவாகக் கிடைக்கிறது.

பதில்: பிர்ச் பிளைவுட் 6 மி.மீ., அல்லது பைன், பாப்ளர் மாதிரி மென்மரம் 12 மி.மீ. ரொம்ப மெல்லிசாக எடுத்தால் பலகை வெண்ணெயாக ஓடிவிடும், கோட்டில் நிறுத்த முடியாது. கொஞ்சம் எதிர்ப்பு இருப்பது புதியவருக்கு நல்லது. தேக்கு வேண்டாம், அதில் சிலிக்கா இருப்பதால் பிளேடு சீக்கிரம் மழுங்கும். தனிமரத்தில் மெல்லிய காம்பு, வால் போன்ற பாகங்கள் மரத்தின் நார் ஓட்டத்தோடு போகிற மாதிரி படத்தைத் திருப்பி ஒட்டுங்கள். குறுக்கே போனால் தொட்டாலே முறியும். பிளைவுட்டில் அந்தக் கவலை குறைவு.

எம்டிஎஃப் வெட்டச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் அதன் தூள் மிக நுண்ணியது, ஒட்டியிருக்கும் பிசினில் ஃபார்மால்டிஹைடும் உண்டு. மரத்தூளே ஒன்றும் சாது அல்ல. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை 1995லேயே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. மெஷினில் இருக்கிற காற்றுக்குழல் கோட்டின்மேல் இருக்கும் தூளை ஊதிவிடும், அது நேரே உங்கள் மூக்குக்குத்தான் வரும். துணி முகமூடி போதாது, நுண்தூளைத் தடுக்கிற முகமூடியே போடுங்கள். கண்ணாடியும்.

கேள்வி: வெட்டி முடித்த பிறகு எண்ணெய் பூச வேண்டுமா, வார்னிஷா?

பதில்: நூறு ஓட்டை உள்ள பலகையில் தூரிகை வைத்து வார்னிஷ் பூசிப் பாருங்கள், ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு சொட்டு உறைந்து நிற்கும். அகலமான தட்டில் பாயில்டு லின்சீட் (ஆளிவிதை) எண்ணெயோ டேனிஷ் ஆயிலோ ஊற்றி, பலகையை முக்கி எடுத்து, வடியவிட்டு, கால்மணி நேரத்தில் துடைத்துவிடுங்கள்.

துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். லின்சீட் எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது சூடாகும். கசங்கிக் கிடக்கும் துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல், நெருப்பே வைக்காமல் தானாகத் தீப்பிடிக்கும். வெளியே ஒற்றையாக விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் முக்கி மூடி வையுங்கள்.